கடாரத்திற்கு எத்தனை நாள், எத்தனை மணி?



கூலிம் ஹைடெக் பூங்காவின் அருகில் வசிக்கும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு கணக்கோடு என்னிடம் வந்தான். அவனுடைய மாமா சென்னையில் அதிகாலை 2 மணிக்கு விமானமேறிப் பினாங்கில் காலை 8.30-க்கு இறங்கினாராம். "பயணம் ஆறரை மணி நேரம்தானே, ஐயா?" என்றான்.

அன்று. நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. அதனைக் கழித்தால் பயணம் 4 மணி நேரமே. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. அதற்கு முன்னர் இவ்வேறுபாடு 2 மணியாகவே இருந்தது.

அடுத்துத் தொலைவை அளந்தோம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் பிழை நேரும். ஆகவே உலக உருண்டையில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தோம். அந்நூல் நிலநடுக்கோட்டின் நீளத்தில் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு. நிலநடுக்கோடு 40,075 கிலோமீட்டர். எனவே தொலைவு சுமார் 2,360 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் தொடங்கிய நேரடி விமானச் சேவை கடப்பது இத்தொலைவைத்தான்.

இக்கடல்வழி நமக்குப் புதிதன்று. கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதும், 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றதும் இவ்வழியால்தான். அதற்கும் முன்னர், 7-ஆம் நூற்றாண்டில், வூசிங் என்னும் சீனத் துறவி குளிர்கால இறுதியில் கடாரத்தில் மரக்கலம் மாறி, 30 நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததாக இ-சிங் எழுதி வைத்துள்ளார். அத்தொலைவு சுமார் 2,330 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 78 கிலோமீட்டர்தான். காத்திருந்த காலம் இக்கணக்கில் சேராது. மேற்கே செல்ல வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். திரும்பி வரத் தென்மேற்குக் காற்று வேண்டும். காற்று மாறும்வரை துறைமுகமே வீடு.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுக்காகக் காத்திருக்கும் நிலை நீங்கியது. மணிக்கு 12 கடல்மைல் செல்லும் கப்பல் நான்கரை நாளில் இத்தொலைவைக் கடந்துவிடும். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னை, நாகை, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை நெடுங்காலம் ஓடியது.

என் பாட்டனாரும் நாகையில் கப்பலேறி வந்தவரே. "எத்தனை நாள் பயணம், தாத்தா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அவர் கடலில் கழிந்த நாள்களை மட்டும் எண்ணவில்லை. ஊரைவிட்டு நடந்து நாகை சேர்ந்த நாள்கள், கப்பலுக்காகக் காத்திருந்த நாள்கள், நோய்த்தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் தங்கிய நாள்கள், பின்னர்த் தோட்டம் வந்து சேர்ந்த நாள் என எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணினார். "திரும்பிப் போக எத்தனை நாள்?" என்றேன். விரல்கள் நின்றுவிட்டன. அவர் திரும்பவே இல்லை. அவருக்கு அத்தொலைவு கிலோமீட்டரில் இல்லை, கப்பற்கூலியில் இருந்தது.

இன்று பினாங்கில் இறங்கும் விமானம் ஜெரெஜாக் தீவுக்கு அருகிலேயே தரை தொடுகிறது. சன்னலோரம் அமர்ந்தவர்களுள் எத்தனை பேர் அதனை அறிவர்?

மாணவனிடம், "நூலால் அளந்தது பாதிக் கணக்கு, மீதியை உன் பாட்டியிடம் கேட்டு எழுதி வா" என்றேன். உங்கள் இல்லத்திலும் முதியவர் இருப்பின் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அக்கணக்கு எந்த வரைபடத்திலும் இல்லை.