முரசுக்குள்ளே ஒரு சிப்பாய்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் போகும் சாலையில், ஒன்பதாவது மைலில் ஒரு புல்வெளி இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஷூட்டிங் மட்டம். எத்தனையோ கதாநாயகர்கள் அந்தச் சரிவில் பாடிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். எத்தனையோ கதாநாயகிகள் பாடிக்கொண்டே ஏறியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் புல்தான். சினிமாக்காரர்கள் விட்டுப் போன ஓர் ஆணிகூட அங்கே கிடையாது. பெயரை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

அதே சாலையில் பைக்காராவைத் தாண்டி மேலும் போனால் நடுவட்டம் வருகிறது. அங்கே ஒரு பழைய சிறைக் கட்டடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர், பினாங்குப் பக்கத்து ஆங்கிலக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற சீனர்களைக் கொண்டுவந்து அதில் அடைத்தார்கள். அவர்களைக் கொண்டு, மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். இப்போது அங்கே சின்கோனாவும் இல்லை, கைதிகளும் இல்லை. ஆனால் கட்டடத்தைப் பழுது பார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் அறையின் குறுகலும் சுவரின் ஈரமும் நமக்குத் தெரிகின்றன.

நடந்ததற்குச் சுவர் மிஞ்சியிருக்கிறது. நடித்ததற்குப் பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. 'அது நியாயந்தானே, நடிப்பு பொய்தானே?' என்று நேயர்கள் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை பொய்யாக இருக்கலாம். கதைக்காகத் தச்சன் செய்த நாற்காலி பொய் அல்ல. அதற்கு மரம் உண்டு, அளவு உண்டு, கூலி உண்டு.

சினிமாத் தொழிலில் இந்தச் சாமான்களைப் 'பிராப்பர்ட்டி' என்பார்கள். சொத்து என்று அர்த்தம். படம் முடிந்த மறுநாளே குப்பைக்குப் போகும் பொருளுக்கு இப்படி ஒரு பெயர்! மகுடம் காகிதக் கூழாக இருக்கும். கருங்கல் தூண் மரச்சட்டத்தின் மேல் பூசிய பிளாஸ்டராக இருக்கும். காமிரா பார்க்கும் பக்கம் மட்டும் தங்கமாகவும் கல்லாகவும் இருந்தால் போதும். மறுபக்கத்தில் சாக்குத் துணி தொங்கினாலும் கேட்பாரில்லை.

ஆனால் எல்லாச் சாமான்களும் அப்படி ஒருபக்க அலங்காரம் அல்ல. 1948-ல் வெளிவந்த எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தின் முரசு நடனத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அரண்மனை முற்றம் நிறைய ராட்சச முரசுகள். அவற்றின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். கொடுங்கோலன் சசாங்கன் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து சிப்பாய்கள் பாய்ந்து வெளியே வந்து கோட்டையைக் கைப்பற்றுகிறார்கள். கிரேக்கர்களின் டிராய்க் குதிரை தமிழ்நாட்டில் முரசாக அவதாரம் எடுத்த கதை இது.

இந்த முரசைச் செய்தவனின் கஷ்டத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். மேலே ஒருத்தி குதிக்க வேண்டும். தோல் கிழியக் கூடாது. உள்ளே ஓர் ஆள் ஒளிவதாகக் காட்ட வேண்டும். ஆகவே குறுக்குச் சட்டம் வைக்க முடியாது. ஓரத்தில் பலம் வேண்டும், நடுவில் வெற்றிடம் வேண்டும். முற்றத்துக்குள் உருட்டி வர வேண்டும். ஆகவே கனமும் கூடாது. கலை நிர்ணயம் ஏ. கே. சேகர். அவருடைய பெயர் படத்தில் இருக்கிறது. கொட்டாப்புளி பிடித்த தச்சர்களின் பெயர் எங்கும் இல்லை. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஓட்டல் நிற்கிறது; ஸ்டூடியோவின் பெயர் பக்கத்து மேம்பாலத்தின் மேல் ஏறிக்கொண்டு பிழைத்திருக்கிறது. இங்கேயும் பெயர்தான் மிச்சம்!

சரி, போன பொருளை மீட்க வழி உண்டா? உண்டு என்று காட்டியவர்கள் சில அசட்டுப் பிள்ளைகள். அசடு என்பது அவர்கள் வீட்டாரின் அபிப்பிராயம். அவர்கள் வேலை, சினிமாவில் பார்த்த பொருளை அதே அளவில் வீட்டிலேயே செய்வது. கார் நிறுத்தும் கொட்டகையிலோ, சமையலறை மேஜையிலோ, வருஷக் கணக்கில் அறுப்பதும் ராவுவதும் ஒட்டுவதுமாக இருப்பார்கள். சிகரெட் அட்டையின் வெள்ளிக் காகிதத்தை ஒட்டி அட்டைக்கத்தி செய்யாத சிறுவன் நம் ஊரில் உண்டா? அந்தச் சிறுவன் வளர்ந்தும் விடாமல் செய்தால் எப்படியோ, அப்படி.

1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் ஒளிவாளை எடுத்துக்கொள்வோம். அதன் பிடியை உண்டாக்கியவர் ஸெட் அலங்காரக்காரரான ராஜர் கிறிஸ்டியன். கையில் பணம் இல்லை. லண்டனில் ஒரு பழைய காமிராக் கடையில், கிராஃப்ளெக்ஸ் காமிராவின் பிளாஷ் விளக்குக் கைப்பிடி கிடைத்தது. பிளாஸ்டிக் பட்டைத் துண்டுகளை அதில் ஒட்டினார். கணக்குப் போடும் கருவியிலிருந்து எடுத்த கண்ணாடிக் குமிழ் வரிசையைப் பொருத்தினார். வேலை முடிந்தது! பிறகு வீட்டில் அதைச் செய்யப் புறப்பட்டவர்கள் புகைப்படங்களை உற்றுப் பார்த்து, 'இது இன்ன காமிராவின் இன்ன உறுப்பு' என்று கண்டுபிடித்தார்கள். யாரும் சீந்தாத அந்தக் கைப்பிடிக்கு அன்று பிடித்தது யோகம். பழைய காமிரா சேகரிப்பவர்கள் வயிறெரியும்படி விலை ஏறிவிட்டது.

அதே படத்தில் ஆர்ட்டூ-டீட்டூ என்று ஒரு குள்ள யந்திர மனிதன் வருகிறான். உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். சில காட்சிகளில் உள்ளே உட்கார்ந்து ஆட்டியவர் 112 சென்டிமீட்டர் உயரமுள்ள கென்னி பேக்கர் என்ற நடிகர். அவன் தலையிலுள்ள கண் போன்ற உறுப்புகள், வைக்கவுண்ட் விமானத்தில் பிரயாணிகளின் தலைக்கு மேலிருந்த படிக்கும் விளக்குகள். 1957 முதல் நம் இந்தியன் ஏர்லைன்ஸில் பறந்த விமானமும் அதுதான். நம்மவர்களும் அதே மாதிரி விளக்கின் கீழ்ப் பத்திரிகை படித்திருப்பார்கள்!

1976-ல் டுனீஷியப் பாலைவனத்தில் படம் பிடித்தபோது, ரேடியோவால் ஓட்டிய ஆர்ட்டூ அடிக்கடி மக்கர் செய்தான். காமிராவுக்கு முன் சில அடி நகர்ந்தால் அன்றைய பாடு தீர்ந்தது. ஆனால் வீட்டில் செய்கிறவனுக்கு அது போதாது. நாலு பக்கமும் வேண்டும், உள்ளும் வேண்டும், தெருவில் ஓடவும் வேண்டும். பிளாஸ்டிக் தகட்டிலும் அலுமினியத்திலும் உடம்பைச் செய்தார்கள். நடக்க முடியாதவர்களின் சக்கர நாற்காலியிலிருந்து மோட்டாரை எடுத்துக் காலில் வைத்தார்கள். 1999-ல் சங்கம் சேர்த்து, ஒருவர் எடுத்த அளவை மற்றவர் சரிபார்த்தார்கள். தவறான அளவைச் சொன்னவரை லேசில் விடவில்லை. கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஓர் எழுத்துக்காகச் சண்டை போடுவார்களே, அதே தர்மம்.

முடிவு என்ன ஆயிற்று? 2013-ல் ஜெர்மனியில் ரசிகர்கள் கூடிய விழாவில், அடுத்த படத்தின் தயாரிப்பாளர் காத்லீன் கென்னடி இந்த வீட்டு ஆர்ட்டூக்களைப் பார்த்தார். லீ டவர்ஸி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற இரண்டு சங்கத்தினர் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். 2015-ல் வெளிவந்த படத்தில் ஓடிய ஆர்ட்டூ அவர்கள் செய்தது. நகல் எடுத்தவனிடமே அசலைச் செய்து கேட்டார்கள். இதை அசட்டுத்தனம் என்று இனிமேல் எப்படிச் சொல்வது?

பொருளை மதிக்கும் ஊர்களும் இருக்கின்றன. 2004-ல் வந்த 'டிராய்' படத்துக்காகச் செய்த பெரிய குதிரை, படம் முடிந்ததும் துருக்கியின் சனக்கலே நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் கடற்கரையில் நிற்கிறது. டிராய் நகரத்தின் இடிபாடுகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கிரேக்கக் குதிரையின் தமிழ்த் தம்பியான நம் முரசுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1964-ல் புனேயில் தொடங்கிய திரைப்படக் காப்பகம் பிலிம்களைத் தேடிச் சேர்த்தது. ஆனாலும் முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) நமக்குக் கிடைக்கவில்லை. பிலிமுக்கே இந்தக் கதி என்றால் முரசுக்கும் மகுடத்துக்கும் என்ன கதி? 2023-ல் ஏவி.எம். நிறுவனத்தார் வடபழனியில் பழைய காமிராக்களையும் கார்களையும் காட்சிக்கு வைத்தார்கள். நல்ல காரியம். அதைப்போல் பத்து வேண்டும். அதுவரை?

அதுவரைக்கும் வீடு இருக்கிறது. 'சந்திரலேகா' படம் நம் கையில் இருக்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். முரசின் விளிம்பில் ஒரு நாட்டியக்காரியின் பாதம் பதிந்திருக்கும் காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதம் சுமார் 23 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விளிம்பின் குறுக்களவில் எத்தனை பாதம் அடங்குகிறது என்று எண்ணலாம். காமிராவிலிருந்து ஒரே தூரத்தில் உள்ளவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு ஏமாற்றிவிடும். வந்த விடையை இன்னொரு வழியில் சோதிக்கலாம்: குந்தி உட்கார்ந்த சிப்பாய் ஒருவனுக்கு உள்ளே இடம் இருக்கிறதா? கணக்கு சரியென்றால் பலகையை வாங்க வேண்டியதுதான்.

நீலகிரி எஸ்டேட்டுகளில் ஒரு காலத்தில் தேயிலையைப் பிளைவுட் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். மிஞ்சிய பலகை வீடுகளில் அலமாரியாகவும் தொட்டிலாகவும் மாறியது. பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்துவிட்டது. ஆனால் கிடைத்த பலகையைக் கொண்டு வேண்டியதைச் செய்யும் கை போய்விடவில்லை. அப்படி ஒரு கை, மழை விடாத ஓர் ஆடி மாதத்தில், நடுவட்டத்துக் கொட்டகை ஒன்றில் அந்த முரசைச் செய்து பார்க்கட்டும். செய்யும்போதுதான் தெரியும், அந்தப் பெயரில்லாத தச்சன் எந்த இடத்தில் தடுமாறினான், எப்படிச் சமாளித்தான் என்று. அதை எழுதி வைத்த புத்தகம் கிடையாது. திரும்பச் செய்கிற கைதான் அதைப் படிக்க முடியும்.

செய்து முடித்தபின் வீட்டுக் குழந்தை ஒன்று அதற்குள் ஒளிந்துகொள்ளும், சந்தேகமில்லை. ஒளிந்துகொள்ளட்டும். அந்த முரசைச் செய்ததே அதற்காகத்தானே?