காஞ்சிபுரத்தின் பெயர்க்காரணம்

காஞ்சிபுரம், தமிழ்நாட்டில் பாலாற்றின் துணையாறான வேகவதியின் கரையில் அமைந்துள்ள பழமையான நகரம் ஆகும். கோயில்களுக்கும் பட்டு நெசவுக்கும் புகழ்பெற்ற இவ்வூர் பல்லவர்களின் தலைநகராக விளங்கியது. இதன் பெயர் எவ்வாறு தோன்றியது என்பதில் ஒத்த கருத்து இல்லை.

பழைய வடிவங்கள்

பதஞ்சலியின் மகாபாடியத்தில் காஞ்சிபுரத்தைச் சார்ந்தவரைக் குறிக்கும் சொல் வருகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமுத்திரகுப்தரின் அலகாபாத் தூண் கல்வெட்டு காஞ்சியின் விட்டுணுகோபனைக் குறிப்பிடுகிறது. சிவகந்தவர்மனின் மயிதவோலு பிராகிருதச் செப்பேடும் காஞ்சிபுரத்திலிருந்தே வெளியிடப்பட்டது. தமிழ் நூல்களிலோ கச்சி என்னும் வடிவம் பெரிதும் காணப்படுகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இந்நகரைக் கச்சி என்கிறது. மணிமேகலையின் ஒரு காதைக்குக் 'கச்சிமாநகர் புக்க காதை' என்று பெயர். சோழர் காலத்தில் கச்சிப்பேடு என்ற வடிவமும் வழங்கியது.

கருத்து வேறுபாடுகள்

'க' என்பது பிரமனையும் 'அஞ்சித' என்பது வழிபடப்பட்டதையும் குறிக்கும் எனக் கொண்டு, பிரமன் வழிபட்ட தலம் என்பது புராண விளக்கம். வடமொழியில் காஞ்சி என்பது மகளிர் இடையில் அணியும் மேகலையையும் குறிக்கும். இவ்வூர் நிலமகளின் மேகலை என்பது அதன்வழி வந்த மற்றொரு விளக்கம். இரண்டும் பெயர் நிலைபெற்ற பின்னர் புனையப்பட்டவை என்றே தோன்றுகிறது.

காஞ்சி மரத்தால் வந்த பெயர் என்பது மூன்றாவது கருத்து. ஆற்றுப்பூவரசு எனப்படும் இம்மரம் நீர்க்கரைகளில் வளர்வது. ஆலங்காடு, பனையூர் போன்று மரத்தால் பெயர்பெற்ற ஊர்கள் தமிழகத்தில் ஏராளம் என்பதால் இது இயல்பாக உள்ளது. (ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரம் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.) ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. நஞ்சு என்பது நச்சுப்பாம்பு என்னும் தொடரில் 'நச்சு' ஆவதுபோல மெல்லினம் வல்லினமாகத் திரிவது தமிழில் இயல்பே. ஆனால் அவ்விதிப்படி காஞ்சி 'காச்சி' ஆகலாமேயன்றிக் 'கச்சி' ஆகாது. நெடில் குறுகியதற்குத் தனி விளக்கம் தேவை. இதனால் கச்சியே மூலம், காஞ்சி அதன் வடமொழியாக்கம் என்று கூறுவோரும் உளர்.

நெசவும் பெயரும்

உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள் (10ஆம் நூற்றாண்டு) கச்சிப்பேட்டில் வாழ்ந்த நெசவாளர்களைப் பற்றிக் கூறுகின்றன. எனவே ஊர்ப்பெயரும் நெசவும் சேர்ந்து வழங்குவது ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊர்ப்பெயர் காஞ்சீவரம் எனத் திரிந்தது. ஊர் காஞ்சிபுரம் என்றே வழங்கினாலும் சேலைக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. நெசவாளர் ஒருவரின் வாழ்வைக் கூறும், 2008இல் வெளியான பிரியதர்சனின் திரைப்படத்தின் பெயரும் 'காஞ்சிவரம்' என்பதே.

2005-06இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றதால் பெயர் ஆராய்ச்சி சட்டத் தொடர்பும் பெற்றது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் கோர்வை முறைக்கு வழக்கமாகத் தறியில் இருவர் தேவை. விசைத்தறியில் நெய்த மலிவான சேலையும் அதே பெயரில் விற்கப்பட்டால், இழப்பு அந்த இருவருக்கே.