வீட்டக விளையாட்டு ஸ்ட்ரீமிங்

வீட்டக விளையாட்டு ஸ்ட்ரீமிங் என்பது, ஒரு கணினியில் இயங்கும் விளையாட்டின் காட்சியையும் ஒலியையும் அதே வீட்டின் பிணையம் வழியாக வேறொரு கருவிக்கு உடனுக்குடன் அனுப்பி, அக்கருவியிலிருந்தே விளையாட உதவும் தொழினுட்பம் ஆகும். விளையாட்டை இயக்கும் கணினி வழங்கி எனவும், காட்சியைப் பெறும் மடிக்கணினி, தொலைக்காட்சி, கைப்பேசி போன்றவை வாங்கி எனவும் அழைக்கப்படுகின்றன. கடினமான கணிப்புகள் அனைத்தும் வழங்கியிலேயே நடைபெறுவதால், திறன்மிக்க வரைவியல் அட்டை இல்லாத பழைய மடிக்கணினியிலும் புதிய விளையாட்டுகளை ஆட முடியும்.

தொலைவிலுள்ள தரவு மையத்தில் விளையாட்டு இயங்கும் மேகக்கணிமை முறையிலிருந்து இது வேறுபட்டது. இம்முறையில் காட்சித் தரவு வீட்டை விட்டு வெளியே செல்வதில்லை. எனவே கூடுதல் கட்டணம் செலுத்தி இணைய வேகத்தை உயர்த்துவதால் காட்சியின் தரம் உயராது. வீட்டினுள் உள்ள பிணையமே தரத்தை முடிவுசெய்கிறது.

வரலாறு

என்விடியா நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் ஷீல்டு என்னும் கையடக்கக் கருவியுடன் கேம்ஸ்ட்ரீம் வசதியை அறிமுகப்படுத்தியது. வால்வ் நிறுவனம் தனது ஸ்டீம் மென்பொருளில் இத்தகைய வசதியை 2014 மே மாதத்தில் அனைவருக்கும் வழங்கியது. தொலைக்காட்சியுடன் இணைக்கத்தக்க ஸ்டீம் லிங்க் என்னும் சிறு பெட்டி 2015 நவம்பரில் வெளிவந்தது. 2018 இல் அப்பெட்டியின் விற்பனை முடிவுக்கு வந்தது. செயலி வடிவம் தொடர்கிறது.

கேம்ஸ்ட்ரீம் நெறிமுறையைப் பின்பற்றி மூன்லைட் என்னும் திறமூல வாங்கி மென்பொருள் உருவாக்கப்பட்டது. ஷீல்டு கருவிகளுக்கான கேம்ஸ்ட்ரீம் ஆதரவை என்விடியா 2023 இல் நிறுத்தியது. மூன்லைட்டுடன் இணைந்து இயங்கும் சன்ஷைன் என்னும் திறமூல வழங்கி மென்பொருள், என்விடியா மட்டுமன்றி ஏஎம்டி, இன்டெல் வரைவியல் அட்டைகளிலும் செயற்படுகிறது.

செயற்படும் முறை

1920 × 1080 படவணுக்கள் கொண்ட காட்சியை 24 பிட் நிறத்துடன் வினாடிக்கு 60 சட்டகங்களாக அனுப்பினால், சுருக்கப்படாத நிலையில் வினாடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் தரவு உண்டாகும். இதனை 20 மெகாபிட் அளவுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 150 மடங்கு சுருக்க வேண்டும். வழங்கி ஒவ்வொரு சட்டகத்தையும் சுருக்கி அனுப்புகிறது. வாங்கி அதனை விரித்துத் திரையில் காட்டுகிறது. பொத்தான் அழுத்தங்கள் எதிர்த்திசையில் வழங்கிக்குச் செல்கின்றன.

இணையத்தில் திரைப்படம் பார்க்கும்போது அடுத்த சில வினாடிகளுக்கான காட்சி முன்னதாகவே சேமிக்கப்படுகிறது. விளையாட்டில் அடுத்த காட்சி ஆடுபவரின் செயலைப் பொறுத்தது என்பதால் இவ்வாறு சேமிக்க இயலாது. வினாடிக்கு 60 சட்டகங்கள் எனில், ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிவினாடி மட்டுமே உள்ளது. ஆகவே பிணையத்தின் உச்ச வேகத்தைவிட, தாமதம் சீராக இருப்பதே முதன்மையானது.

வன்பொருள் தேவைகள்

* வழங்கி: விளையாட்டின் தேவைகளை நிறைவு செய்வதுடன் காட்சியைச் சுருக்கும் திறனும் வேண்டும். இன்டெல் குவிக் சிங்க் (2011), என்விடியா என்வென்க் (2012) போன்ற தனிச் சுற்றுகள் இப்பணியைச் செய்கின்றன. இவை இல்லாவிடின் மையச் செயற்பகுதியே சுருக்க வேண்டியிருப்பதால் விளையாட்டின் வேகம் குறையும்.
* வாங்கி: எச்.264 நிகழ்படத்தை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி போதுமானது. எச்.இ.வி.சி, ஏவி1 ஆகியவை குறைந்த தரவில் கூடுதல் தெளிவைத் தரும். ஆயினும் இரு முனைகளும் அவற்றை ஆதரிக்க வேண்டும்.
* திரை: தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றும்போது கூடுதல் தாமதம் உண்டாகிறது. 'கேம் மோட்' அமைப்பு இதனைக் குறைக்கும்.

பிணையத் தேவைகள்

வினாடிக்கு 60 சட்டகங்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் தரவு வேகம் வருமாறு:

* 1280 × 720: 10 மெகாபிட்
* 1920 × 1080: 20 மெகாபிட்
* 3840 × 2160: 80 மெகாபிட்

முதலிரண்டுக்கும் 100 மெகாபிட் ஈத்தர்நெட் வடமே போதுமானது. வை-ஃபை இணைப்பில் ஒரே அலைத்தடத்தை எல்லாக் கருவிகளும் மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. வழங்கி, வாங்கி இரண்டும் வை-ஃபையில் இருப்பின், ஒவ்வொரு தரவுப் பொதியும் திசைவி (ரவுட்டர்) வழியாக இருமுறை காற்றில் பயணிக்கிறது. எனவே ஒரு வடம் மட்டுமே இழுக்க முடியுமாயின், அதனை வழங்கிக்கும் திசைவிக்கும் இடையே இணைப்பது நன்று.

2.4 கிகாஹேர்ட்சு பட்டையில் அண்டை வீட்டுத் திசைவிகள், புளூடூத் கருவிகள், நுண்ணலை அடுப்பு ஆகியவற்றின் குறுக்கீடு உண்டு. 5 கிகாஹேர்ட்சு பட்டையில் குறுக்கீடு குறைவு. ஆனால் சுவர்களைக் கடக்கும்போது அலை விரைவில் வலுவிழக்கும்.

சோதித்தல்

இணைய வேகத்தை அளக்கும் தளங்கள் வீட்டினுள் உள்ள பிணையத்தின் சீர்மையைக் காட்டுவதில்லை. வாங்கியிலிருந்து வழங்கிக்குச் சில நிமிடங்கள் 'பிங்' கட்டளை இயக்கிப் பார்க்கலாம். விடை தொடர்ந்து சில மில்லிவினாடிகளுக்குள் வந்தால் பிணையம் ஏற்றது. இடையிடையே பல பத்து மில்லிவினாடிகளுக்குத் தாவினால், சராசரி குறைவாக இருப்பினும் ஆட்டம் தடைபடும். அந்நிலையில் புதிய கணினி வாங்குவதற்கு முன்னர் வடத்தை முயல்வதே செலவு குறைந்த தீர்வாகும்.

இவற்றையும் பார்க்க

* ஈத்தர்நெட்
* கம்பியில்லாப் பிணையம்
* மேகக்கணிமை