பிக் பேர்டின் வலது கை

பள்ளிக்கூடங்களில் கைப்பாவை ஆட்டிக் கதை சொல்வது என் வேலை. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாலே தோள்பட்டை கடுக்கும். அதனால் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அதில் வரும் பிக் பேர்ட் என்ற பறவைப் பொம்மையின் கழுத்துக்கே போகும். அதற்குள் பல்லாண்டுகள் இருந்தது கேரல் ஸ்பின்னி என்ற கலைஞரின் வலது கை.

அமெரிக்காவில் அந்த நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. அதற்கு முன் ஜூலையில், சோதனைக்காக ஐந்து பகுதிகள் எடுத்துக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கதை நடக்கும் தெருவின் காட்சிகளில் மனிதர்கள் மட்டும்தான். பொம்மைகள் தனியாக வந்துபோயின. நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று உளவியல் நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளோ பொம்மை வந்தால் பார்த்தார்கள், தெரு வந்ததும் அவர்கள் கவனம் சிதறியது. நிபுணர்களின் பேச்சை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளின் பார்வையை நம்பினார்களே, அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் அந்தத் தெருவிலேயே இரண்டு பேரைக் குடிவைத்தார்: குப்பைத் தொட்டிக்குள் வாழும் ஆஸ்கர், 8 அடி 2 அங்குல மஞ்சள் பறவையான பிக் பேர்ட். இரண்டையும் ஆட்டியவர் ஸ்பின்னி.

பறவை உடைக்குள்ளிருந்து வெளியே பார்க்க வழி கிடையாது. மார்பில் கட்டிய சின்ன டி.வி. திரையில் கேமரா காட்டுவதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வசனத் தாளும் உள்ளேயே ஒட்டியிருக்கும். உயர்த்திய வலது கை அலகைத் திறந்து மூடும். அதே கையின் சுண்டுவிரல் கண்களை அசைக்கும். இடக்கை இடது சிறகுக்குள். அப்படியானால் வலது சிறகு? அது உள்ளே அடைத்துத் தைத்த வெறும் சிறகு. கழுத்தடி வளையம் ஒன்றின் வழியாக ஓடும் தூண்டில் நரம்பு அதை இடக்கையோடு இணைத்தது. இடது இறங்கினால் வலது ஏறும்.

இந்த நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. ஆரம்பத்தில் அந்தப் பறவை ஒரு பட்டிக்காட்டு மக்கு. அதைக் குழந்தையாக்கிவிடலாம் என்று சொன்னவர் ஸ்பின்னிதான். அந்தத் தெருவின் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் இறந்தார். அவருக்குப் பதில் வேறொருவரை நடிக்கவைக்காமல், அந்தச் சாவையே மறு ஆண்டு கதையாக்கினார்கள். ஹூப்பர் ஏன் திரும்பி வரமாட்டார் என்று பிள்ளைகள் சார்பில் கேட்க அப்போது அந்தத் தெருவில் ஒரு பிள்ளை இருந்தது. அந்தக் காட்சியில் பறவை பெரியவர்களுக்குக் கொடுக்கும் படங்களை வரைந்தவரும் ஸ்பின்னியே.

2015இல் உடைக்குள் நிலைகொண்டு நிற்க அவரால் முடியாமல் போனது. அவரிடம் பழகிய மேட் வோகல் உள்ளே புகுந்தார். 2018இல் ஓய்வுபெறும்வரை குரலை மட்டும் ஸ்பின்னி விட்டுக்கொடுக்கவில்லை.