தியேட்டரை விட்டு முதலில் போனவர்கள் யார்?

சினிமா தியேட்டர் என்றாலே இளைஞர் கூட்டம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை.

1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்த வழியில் வந்தவைதான் டூரிங் டாக்கீஸ்கள். எங்கள் அவலூர்பேட்டை, செஞ்சி பக்கத்துப் பெரியவர்களிடம் டென்ட் கொட்டகை பற்றிக் கேட்டுப் பாருங்கள். மணல் தரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டி, மருமகள், கைக்குழந்தை என்று எல்லா வயதினரும் அங்கே இருந்திருக்கிறார்கள். 'ஔவையார்' (1953) போன்ற படங்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

ரசிகர்களை வயதுவாரியாக முதலில் பிரித்தது சட்டம். பேய் வருகிறது என்பதற்காக 1951-ல் 'மர்மயோகி' படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் கூட்டத்தை உண்மையில் பிரித்தது தொலைக்காட்சிதான்.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைப் படம் எல்லாம் வீட்டுக்கே வந்தன. 1993-ல் சன் டிவி வந்தது, பிறகு நெடுந்தொடர்கள் வந்தன. டென்ட் கொட்டகையில் மாலை, இரவு என இரண்டு காட்சிகள்தான். அதே நேரத்தில்தான் வீட்டில் தொடரும் ஓடியது! 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டம் ஏழை வீடுகளுக்கும் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. முதலில் தியேட்டரை விட்டுப் போனவர்கள் பெண்களும் முதியவர்களும்தான்.

இதற்குக் காரணம் சாதாரணக் கணக்கு. (வணிகவியல் மாணவன் வேறு எப்படி யோசிப்பான்?) இளைஞனுக்கு ஒரு டிக்கெட் போதும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து டிக்கெட், பஸ் கட்டணம், இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் வேண்டும். டிவிக்கோ ஒருவர் பார்த்தாலும் ஐந்து பேர் பார்த்தாலும் ஒரே செலவு. ஆகவே விலகுவதில் குடும்பத்துக்குத்தான் லாபம் அதிகம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் 1946-ல் விற்ற டிக்கெட்டுகள் சுமார் 163 கோடி. தொலைக்காட்சியும் வீடியோவும் பரவிய பின் 1984-ல் அது 5.4 கோடியாகச் சுருங்கியது. அங்கும் மிஞ்சியவர்களில் இளைஞர்களே அதிகம்.

வருகிறவர்களுக்காகத்தான் படம் எடுப்பார்கள். இளைஞர்களுக்காகவே எடுக்க எடுக்க, பாட்டிக்குத் தியேட்டர் பக்கம் போகக் காரணமே இல்லாமல் போனது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக ஓ.டி.டி.யில் வெளியானது. இப்போது அந்த இளைஞனின் கையிலும் ஒரு திரை இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் வரியை மட்டும் குறைத்தால் குடும்பங்கள் திரும்பி வந்துவிடுமா? மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி படமும் வேண்டுமே! ஒரே நகைச்சுவைக்குப் பாட்டியும் பேரனும் சேர்ந்து சிரித்த இடம் அது. அப்படி ஓர் இடம் இன்று நம் ஊர்களில் வேறு எங்கே இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.