பல்லாவரம் கருங்கல்லும் ஆண்டீஸ் எரிமலையும்

வடக்குப்பட்டுன்னாலே எல்லாரும் 2022-ல் நடந்த அகழாய்வைத்தான் கேக்கறாங்க. ஒரகடம் கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே கற்காலக் கருவிகள் கிடைச்ச ஊராச்சே! ஆனா அந்தக் கருவிகளையே நேத்து செஞ்சதா நினைக்க வைக்கிற ஒரு சரித்திரம் தினமும் டிப்பர் லாரியில எங்க ஊர் வழியாப் போகுது மக்களே. கருங்கல் ஜல்லி!

சென்னையைச் சுத்தி உடைக்கிற கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட். பேர் வந்த கதை கொஞ்சம் தமாஷ். கல்கத்தாவை உருவாக்கினவர்னு சொல்லப்படற ஜாப் சார்னாக்கின் கல்லறையில இருக்கறது மதராஸ் பக்கத்துலேர்ந்து போன கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தக் கல்வகைக்கு சார்னாக் பேரையே வெச்சுட்டார். கல் நம்மளுது, பேர் கல்லறைக்காரருது.

சரி, இந்தக் கல் எப்படி உண்டாச்சு? அது புரியணும்னா தென் அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வரணும்.

1835 ஜனவரியில் டார்வின், சிலி நாட்டில் ஒசோர்னோ எரிமலை கக்குறதைப் பார்த்தார். பிப்ரவரி 20-ல் பூகம்பம். கான்செப்சியான் நகரம் இடிஞ்சு விழுந்தது, கடற்கரை நிலம் மேலே எழும்பியிருந்தது. பூகம்பத்துக்கும் எரிமலைக்கும் உள்ளுக்குள்ள ஏதோ தொடர்பு இருக்குன்னு அவர் நினைச்சது சரிதான். ஆனா காரணம் பிடிபட 1960-களில் கண்டத்தட்டுக் கொள்கை வரவேண்டியிருந்தது.

பசிபிக் கடலடியில் இருக்கற நாஸ்கா தட்டு, தென் அமெரிக்காவுக்கு அடியில் சொருகுது. அந்தப் பாறையின் தாதுக்களில் தண்ணி கட்டுண்டு கிடக்கு. சுமார் 100 கி.மீ. ஆழத்துக்குள்ள சூடும் அழுத்தமும் ஏறி, தண்ணி பிரிஞ்சு மேலே இருக்கற மேன்டில் பாறைக்குள்ள நுழையும். தண்ணி சேர்ந்தா பாறை குறைஞ்ச சூட்டிலேயே உருகும். ஆமாங்க, இங்கே அடுப்பு பத்த வைக்கறதே தண்ணிதான்!

மேலோடு மெல்லிசா இருந்தா அந்தக் குழம்பு பெரிசா மாறாம வெளியே வந்துடும். 1991-லிருந்து விட்டு விட்டுக் கக்குற நம்ம அந்தமான் பாரன் தீவில் பெரும்பாலும் பசால்ட் வகைதான். ஆண்டீஸில் மேலோடு சில இடங்களில் 70 கி.மீ. தடிமன். குழம்பு அடியிலேயே தேங்கும். கனமான படிகங்கள் பிரிஞ்சு கீழே தங்கும். சுத்தியிருக்கற பழைய பாறையும் உருகி அதோட கலக்கும். சிலி எரிமலைகளை ஆராய்ஞ்ச ஹில்ட்ரெத், மூர்பாத் ரெண்டு பேரும் 1988-ல் இதை விளக்கினாங்க. கடைசியில் மேலே வர்றது சிலிக்கா கூடின ஆண்டசைட், டேசைட். ஆண்டசைட்டுக்குப் பேர் கொடுத்ததே ஆண்டீஸ்தான்.

மேலே வந்தது சரி, அடியிலேயே தங்கிட்டது? அதுக்குத்தான் நம்ம பல்லாவரம். சென்னைப் பக்கத்து சார்னோகைட்டுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். அது எரிமலை கக்கின கல் இல்லை. அப்படியொரு எரிமலைத் தொடருக்கு அடியில் உறைஞ்சு, ஆழத்திலேயே வெந்து உருமாறின வேர்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. 20 கி.மீ.க்கும் கீழே இருந்த கல் இன்னைக்குத் தரையில நிக்குதுன்னா, மேலே இருந்த மலை மொத்தமும் கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

மிச்சம் இருக்கற வேரையும் இப்ப உடைச்சுக்கிட்டிருக்கோம். பரங்கிமலையில் ஒரு பாறைக்கு மட்டும் தேசிய புவியியல் நினைவுச் சின்னம்னு மரியாதை உண்டு. மத்ததெல்லாம் குழிதான். மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துல கைவிட்ட குவாரிகளிலிருந்து 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிதண்ணியே எடுத்தாங்கன்னா ஆழத்தைப் பார்த்துக்குங்க.

ஜல்லியே வேணாம்னு சொல்ல வரலை. நானும் கான்கிரீட் வீட்லதான் இருக்கேன். ஒரு குன்றை முழுசா உடைக்கறதுக்கு முன்னாடி, எந்த இடத்துக் கல்னு எழுதி ஒரு துண்டாவது ஒரு காலேஜ்ல எடுத்து வைக்கலாமே? கற்காலக் கருவியைத் தோண்டித்தான் எடுக்கணும். இது கண்ணு முன்னாலயே கிடக்கு. உங்க ஊர் குவாரியில் என்ன நிறக் கல்னு பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.