பாட்டுக் காசில் எழுந்த ஓட்டல்



போன வாரம் ஓட்டல் நிர்வாகத்தில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். "ஓட்டல்காரனுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டான். லண்டன் சவாய் ஓட்டலின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

ரிச்சர்ட் டி'ஓய்லி கார்ட் 1844இல் லண்டனில் பிறந்தவர். அப்பா புல்லாங்குழல் கலைஞர். மகனுக்கு நாடகக் கம்பெனி நடத்துவதில் நாட்டம். எழுத்தாளர் கில்பர்ட்டையும் இசையமைப்பாளர் சல்லிவனையும் சேர்த்துவைத்து, வசனமும் பாட்டும் கலந்த நகைச்சுவை ஓபராக்களை மேடையேற்றினார். 1881இல் சவாய் அரங்கைக் கட்டி, முழுக்க மின்விளக்கு போட்டார். அப்போது மின்சாரம் என்றாலே ஜனங்களுக்குப் பயம். எரிந்துகொண்டிருந்த பல்பு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, மேடையிலேயே சுத்தியலால் உடைத்தார். துணி பற்றிக்கொள்ளவில்லை! (அறிவியல் ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கவனிக்க.)

1885இல் வந்த 'மிகாடோ' 672 முறை நடந்தது. அந்த மாதிரி லாபத்தில்தான் 1889இல் அரங்கை ஒட்டியே சவாய் ஓட்டல் எழுந்தது. லிப்ட், மின்விளக்கு, குழாயில் சுடுதண்ணீர். மேலாளர் சேசர் ரிட்ஸ், சமையலுக்கு எஸ்காஃபியே. பாடகி நெல்லி மெல்பாவின் பெயரில் 'பீச் மெல்பா' என்ற இனிப்பு பிறந்ததும் அந்த அடுக்களையில்தான்.

மறு வருஷமே சண்டை. அரங்கின் முன்கூடத்துக்குக் கம்பளம் வாங்கிய செலவை மூவர் கணக்கிலும் சேர்த்துவிட்டார் என்று கில்பர்ட் கொதித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. அத்தனை பாட்டு எழுதியவர்கள் ஒரு கம்பளத்துக்காகப் பிரிந்தார்கள். பிறகு சேர்ந்தாலும் பழைய ருசி இல்லை.

என் மனதில் நிற்பவர் பேத்தி பிரிட்ஜெட். 1908இல் பிறந்தவர். ஒரே தம்பி 1932இல் கார் விபத்தில் போய்விட்டான். ஓட்டலில் அப்பாவுக்கு உதவியாளராக இருந்தார். போர்க்காலத்தில் ஏழைக் குழந்தைகள் நலப் பணிக்குப் போனார். 1948இல் அப்பா ரூபர்ட் காலமானதும் ஓபரா கம்பெனி இவர் தலையில் வந்தது. ஓட்டல் நிர்வாகக் குழுவிலும் இருந்தார்.

1961இல் கில்பர்ட் நூல்களின் காப்புரிமை முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் நடத்தலாம். பிரிட்ஜெட் ஓர் அறக்கட்டளை அமைத்து, உடைகள், திரைகள், இசைப் பிரதிகள் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஊர் ஊராகப் போகும் கம்பெனிக்குச் செலவு ஏறிக்கொண்டே போனது. அரசு நிதி வழங்கும் கலைக்குழு உதவ மறுத்தது. பழைய பாணியை மாற்றாமலே நடத்தினார்கள் என்ற குறையும் இருந்தது. அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். என்றாலும் ஒரு நூற்றாண்டு ஓடிய கம்பெனி 1982 பிப்ரவரியில் நின்றது அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

1985இல் அவர் மறைந்தார். பிள்ளைகள் இல்லை. உயிலில் கம்பெனிக்குப் பத்து லட்சம் பவுண்டு எழுதிவைத்திருந்தார். அதைக்கொண்டு 1988இல் புதுக் கம்பெனி மேடையேறியது. 1972இல் அவர் தொடங்கிய தரும நிதி இன்றும் கலைகளுக்கு உதவுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மாணவன் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கம்பளம் எவ்வளவு சார்?"